ஒரு வேட்டு, இரண்டு உயிர்

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தால் அதை அதிர்ஷ்டம் என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். மாங்காய்க்கு அது பொருந்தும். ஒரே குண்டில் இரண்டு உயிர் விழுந்தால் அதற்கு என்ன பெயர் சொல்லுவது? சமீபத்தில் ஒரு நிலத் தகராறு சம்பந்தமாக இடத்தை நேரில் பார்த்துவர அருப்புக்கோட்டைக்கு அடுத்த பாளையம்பட்டிக்குப் போயிருந்தபோது, இந்தக் கேள்வியை நம் மனத்தில் போட்டவர் எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர்.

காரியம் முடிந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு காட்டுப்பன்றியின் அட்டகாசத்தில் தொடங்கி வேட்டையில் வந்து நின்றது. பெரியவரின் இளமைக் காலத்துப் பெருமை ஒன்றை உடனிருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஒரே வெடியில் இரண்டு முயல் அடித்தவராம் அவர். அவரோ சிரிக்கவில்லை.

“வக்கீல் ஐயா, அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். வேட்டைக்குத் தடைச் சட்டம் வராத காலம். கண்மாய்க்கு மேற்கே உடைமரக் காட்டில், பொழுது சாய்கிற நேரம். நாட்டுத் துப்பாக்கியில் மருந்தும் ரவையும் கெட்டித்து வைத்திருந்தேன். புதரடியில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. சுட்டேன். எடுக்கப் போனால் புதருக்குப் பின்னால் இன்னொன்று துடித்துக்கொண்டு கிடக்கிறது. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. ஊரே என்னைத் தூக்கிவைத்துப் பேசியது. எனக்கு மட்டும் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. தினமும் அந்தப் புதருக்குப் பின்னால்தான் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு நான் துப்பாக்கியைத் தொடவில்லை.”

ஊர் எண்ணியது விழுந்த முயல்களை. அவர் எண்ணியது, தாம் காணாமல் விட்டதை. இந்த இரண்டு கணக்குகளில் எது மெய்க்கணக்கு என்பதே இன்று நாம் நேயர்கள் முன் வைக்க விரும்பும் விஷயம்.

ஓர் அம்பால் பல பிராணிகள் வீழ்ந்த செய்தி தமிழர்களுக்குப் புதிதன்று. கொல்லி மலைக்குத் தலைவனாயிருந்த ஓரிக்கு ‘வல்வில்’ என்ற அடைமொழி வந்ததற்கே அது சான்றாக நிற்கிறது. புறநானூற்றின் 152-ஆவது பாட்டில் வன்பரணர் அந்தக் காட்சியைப் பாடியிருக்கிறார். வேடன் விட்ட ஒரே கணை யானையைச் சாய்த்து, புலியின் வாயில் புகுந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலில் தைத்து நின்றதாம். வில்லின் வன்மையை உயர்த்திக் கூறப் புலவர் கையாண்ட முறை அது. கொல்லி மலையில் இன்றைக்கும் ஆடி மாதத்தில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். வீரத்தைக் கொண்டாடுவதில் நமக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் வேட்டைக்காரன் காட்டில் பசித்து வந்த பாணர் கூட்டத்துக்குத் தன் வேட்டையின் ஊனை உணவாக அளித்து, பொன்னும் மணியும் கொடுத்துவிட்டுத் தன் பெயரைக் கூடச் சொல்லாமல் நிற்கிறான். புலவர் முடிவில் வியந்து நிற்பது அவனுடைய கையின் கொடையைக் கண்டே என்பதை மறந்துவிடலாகாது.

இதே பாரத நாட்டின் மற்றொரு பெருங்கதை இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. இளவரசனாயிருந்தபோது தசரதன் சரயு நதிக் கரையில் இருளில் ஒலியை மட்டும் கொண்டு அம்பெய்தான். யானை நீர் குடிக்கிறது என்று நினைத்தான். குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்தவனோ கண்ணிழந்த தாய் தந்தையருக்கு ஒரே ஊன்றுகோலாயிருந்த முனிகுமாரன். மகனை இழந்த அவ்விருவரும் சிதையேறினார்கள். குறி வைத்தது ஒரு யானைக்கு. விழுந்தது மூன்று மனித உயிர்கள். பிற்காலத்தில் புத்திர சோகத்தால் மடிந்த அந்த அரசனையும் சேர்த்தால் நான்கு. ஓசையைக் கேட்டு எய்யும் வித்தையில் அவன் நிகரற்றவன் என்பதைக் கதை மறுக்கவே இல்லை. குறி தப்பாத கை இருந்தும், கண் காணாத இடத்தில் எய்தான் என்பதே அவன்மேல் கதை சுமத்தும் குற்றம்.

இவை பழங்கதைகள் என்று தள்ளுகிறவர்களுக்கு 1947-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று இருக்கிறது. இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கியிருக்கும் கொரியா அப்போது ஒரு சிறு சமஸ்தானம். அதன் மகாராஜா ராமானுஜ பிரதாப் சிங் தேவ் ஓர் இரவு மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார். வழியில் மூன்று சிவிங்கிப்புலிகள் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்திருந்தன. மூன்றும் ஆண், ஒரே தாயின் ஒரே ஈற்றுக் குட்டிகளாயிருக்கலாம் என்று மகாராஜா கருதினார். முதல் குண்டில் ஒன்று விழுந்தது. இரண்டாவது குண்டு ஒரு சிவிங்கியை ஊடுருவிச் சென்று, அதன் பின்னால் இருந்த மற்றொன்றையும் கொன்றது. இரண்டே வேட்டில் மூன்று உயிர்.

சிவிங்கி வேறு, சிறுத்தை வேறு. சிவிங்கி மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடும் உடையது. மரத்தில் பதுங்கிப் பாயும் பிராணியல்ல. வெட்ட வெளியில் இரலை மானைத் துரத்திப் பிடிப்பது. வடக்கே ஜெய்ப்பூர், லக்னோ தொடங்கித் தெற்கே மைசூர் வரை ஒரு காலத்தில் அது பரவியிருந்தது. முகலாயச் சக்கரவர்த்திகள் ஏராளமான சிவிங்கிகளைப் பிடித்துப் பழக்கி மான் வேட்டைக்கு உபயோகித்தார்கள். சிறைப்பட்ட சிவிங்கி குட்டி போடுவது மிக அபூர்வம். ஆகையால் அரண்மனைக்கு வேண்டியவற்றையெல்லாம் காட்டிலிருந்தே திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு புல்வெளிகள் உழவுக்குப் போயின, இரலை மான்கள் குறைந்தன, துப்பாக்கிகள் பெருகின. இவ்வாறு பல நூற்றாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த ஓர் இனத்தின் மிச்சம் கொரியாவின் அந்தப் பாதையில் உட்கார்ந்திருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் நம் நாட்டில் பதிவான கடைசிச் சிவிங்கிகள் அவைதாம் என்று கருதுகிறார்கள். 1952-ல் இந்தியாவில் சிவிங்கி இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

இந்தச் செய்தி வெளிவந்த விதமும் கவனிக்கத்தக்கது. வேட்டைப் பிராணிகளின் உடலைப் பதப்படுத்தும் தொழிலில் பேர்போன மைசூர் வான் இங்கன் நிறுவனத்தார் மூலமாக, அபூர்வ வேட்டை என்ற முறையில் இது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. 1948-ல் அதைப் பிரசுரித்த பத்திராதிபர்கள் பாராட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. படித்ததும் குமட்டலெடுத்துக் குப்பைக் கூடையில் போடவே முதலில் எண்ணியதாகவும், குற்றச்சாட்டாக நிற்கட்டும் என்றே அச்சிடுவதாகவும் கடுமையாகக் குறிப்பெழுதினார்கள். பெருமை என்று அனுப்பியது குற்றப்பத்திரிகையாக அச்சாயிற்று. அரசர்களின் வேட்டைக்குப் புகழ்மாலை சூட்டுவதே வழக்கமாயிருந்த நாட்டில் இது துணிவான காரியம். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் அதை நன்றியுடன் நினைவுகூருகிறோம்.

“இரண்டாவதைக் கொல்ல அவர் எண்ணவில்லையே, குண்டு ஊடுருவிப் போனால் அவர் என்ன செய்வார்?” என்று கேட்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. ரைபிள் குண்டின் தன்மை துப்பாக்கி எடுத்த ஒவ்வொருவருக்கும் தெரிந்ததே. உடலில் எலும்பில் முட்டி நின்றால் உண்டு. இல்லாவிட்டால் வேகம் சற்றுக் குறைந்து மறுபுறம் புறப்பட்டுவிடும். மிகச் சிறிய ரைபிள் ரவையான .22 கூடத் தடையின்றிப் போனால் ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. சிதறு ரவைத் துப்பாக்கியின் விஷயம் வேறு. அதில் ரவைகள் போகப் போக விரியும். குறுகிய வாயுள்ள குழலிலிருந்து புறப்பட்டாலும் 40 கஜ தூரத்தில் ஒரு கஜத்துக்கு மேற்பட்ட வட்டமாகப் பரவிவிடும். பாளையம்பட்டிப் பெரியவரின் இரண்டாவது முயல் விழுந்தது இப்படித்தான். குறியை மட்டும் அறிந்தால் போதாது, குறிக்கு அப்பால் இருப்பதையும் அறிந்த பின்னரே விசையைத் தொடவேண்டும் என்பது உலகெங்கும் துப்பாக்கி பழகுவோருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதற்பாடங்களில் ஒன்று. அந்தப் பாடத்தை மறந்தவன் பிறகு ‘தற்செயல்’ என்று கூறுவது, கண்ணை மூடிக்கொண்டு நடந்தவன் கிணற்றின்மேல் குறைகூறுவதை ஒக்கும்.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்பதையும் சொல்லிவிடுவது நமது தொழில் தர்மம். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சம்ஹிதை அமுலில் இருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு விபத்தை மன்னிக்கிறது. ஆனால் மன்னிப்புக்கு நிபந்தனைகள் உண்டு. செய்த காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாயிருக்க வேண்டும்; அதைச் செய்த முறையும் சாதனமும் அப்படியே இருக்க வேண்டும்; தக்க கவனமும் எச்சரிக்கையும் இருந்திருக்க வேண்டும்; கெட்ட எண்ணமோ அறிவோ இருந்திருக்கலாகாது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விபத்து என்ற கவசம் கழன்று விழும்.

பழைய சட்டத்தின் 299-ஆவது பிரிவிலும் புதிய சட்டத்தின் 100-ஆவது பிரிவிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவன் பிறனுடைய கோழியைத் திருடும் எண்ணத்தோடு அதைச் சுடுகிறான். புதருக்குப் பின்னால் அவன் அறியாமல் இருந்த மனிதன் இறந்துபோகிறான். கொல்லும் எண்ணமோ, மரணம் நேரக்கூடும் என்ற அறிவோ இல்லாததால் அது கொலைக் குற்றம் ஆகாது என்கிறது சட்டம். இதைப் படித்துச் சிலர் நிம்மதி அடையலாம். அவசரப்பட வேண்டாம். கோழி திருடச் சுட்டது சட்டத்துக்கு உட்பட்ட காரியமல்ல. எனவே 18-ஆவது பிரிவின் விபத்து என்ற வாதம் அவனுக்குக் கிட்டாது. கவனக் குறைவினால் விளைந்த மரணத்துக்கு 106-ஆவது பிரிவு 5 வருஷம் வரை சிறைவாசம் விதிக்க இடமளிக்கிறது. கொலைகாரன் அல்ல என்பதற்கும் குற்றமற்றவன் என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு.

பிராணிகளைப் பொறுத்த வரையில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. அட்டவணையில் அடங்கிய பிராணியை வேட்டையாடலாகாது என்பது 9-ஆவது பிரிவு. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, அவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 2022-ல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கு 3 வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரலை மான், மயில் போன்ற முதல் அட்டவணைப் பிராணிகளானால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறை. அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உயிருக்கு ஆபத்து நேர்ந்த சமயத்தில் நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காகக் கொன்றால் 11-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அப்போதும், ஏற்கெனவே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவனுக்கு அந்த விலக்கு இல்லை. முயலடிக்கத் தடையை மீறிப் போனவன், குறுக்கே வந்த மானைத் தெரியாமல் சுட்டேன் என்பதனால் தப்ப முடியாது. முதல் வேட்டே குற்றம். இரண்டாவது உயிர் அதன் வட்டி.

விவசாயியின் துயரத்தை அலட்சியம் செய்துவிட்டு அவனுக்கு உபதேசம் பண்ணுவது நமது நோக்கமல்ல. வானம் பார்த்த கரிசலில் மழைக்காகக் காத்திருந்து விதைத்த மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போவதைப் பார்த்தவனுக்குத்தான் அதன் வேதனை தெரியும். நஷ்ட ஈடு கேட்டு அலைவதில் கழியும் நாட்களும் நஷ்டந்தான். ஆனால் கோபத்தில் எடுக்கும் ஆயுதம் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது. தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கு அருகே 2023 மார்ச் மாதத்தில் பன்றிக்காக வைத்த திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் சிக்கி மடிந்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, விழுந்து கிடந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலி வைத்தவர் கைதியானார். அவர் யானையைக் கொல்ல நினைத்தாரா? இல்லை. பன்றிக்கு வைத்த கம்பி பன்றியை மட்டும் அடையாளம் கண்டு கொல்லாது என்பதை நினைக்கவில்லை, அவ்வளவே. அந்தக் கம்பியில் நாளைக்கு விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரும் கால் வைக்கலாம்.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் இவ்விஷயத்தில் ஒரு முறையை வகுத்து அறிவித்தார்கள். காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையாரே சுடலாம். சுடும் பொறுப்பை விவசாயியின் கையில் கொடுக்காமல் பயிற்சி பெற்றவர்களிடம் வைத்தது சரியே. ஆனால் உத்தரவு பிறந்தால் மட்டும் போதாது. கரிசல் காட்டுக் கிராமத்திலிருந்து விண்ணப்பம் போனால் வனத்துறையார் பயிர் அழியுமுன் வந்து சேர வேண்டும். வராவிட்டால் விவசாயி மீண்டும் கம்பியையும் கள்ளத் துப்பாக்கியையும் நாடுவான். அதன் பழியில் தாமதித்த அதிகாரிக்கும் பங்கு உண்டு. இந்தக் கோரிக்கையை ஜில்லா அதிகாரிகளிடம் இடைவிடாமல் எழுப்புவது பொதுஜன ஊழியர்களின் கடமை. இரவில் முயலுக்கும் கௌதாரிக்கும் துப்பாக்கி தூக்கும் வாலிபர்களைத் தடுத்துப் புத்தி சொல்வதும் அவர்கள் கடமையே.

சிவிங்கியை மீண்டும் நம் மண்ணில் ஓடவிட 70 வருஷங்கள் கழித்து நாம் படும் பாட்டையும் நினைக்கவேண்டும். 2022 செப்டம்பர் 17-ந் தேதி நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளும், 2023 பிப்ரவரி 18-ந் தேதி தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகளும் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு ஆகாய விமானத்தில் வந்திறங்கின. சில மடிந்தன, சில குட்டி போட்டுப் பெருகுகின்றன. இவை ஆப்பிரிக்க இனம். நம் நாட்டில் இருந்த ஆசிய இனம் ஈரானில் மட்டும், அதுவும் மிகச் சொற்பமாக, எஞ்சியிருக்கிறது. அற்றுப்போனதை அப்படியே திருப்பிக் கொண்டுவர எந்த விமானமும் இல்லை. நம் தென் ஜில்லாக்களில் எஞ்சியிருக்கும் இரலை மானுக்காகத் தூத்துக்குடி ஜில்லா வல்லநாட்டில் 1987-ல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து அது அரை நாள் பயணங்கூட இல்லை. அதையாவது இழக்காமல் காப்போமாக.

பாளையம்பட்டியிலிருந்து திரும்பும்போது திருச்சுழி வழியாக வந்தோம். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. திருவண்ணாமலையில் அவருடைய ஆசிரமத்தைப் பார்த்தவர்கள் அங்கே ஒரு பசுவுக்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஒரு நாய்க்கும் தனித்தனியே சமாதி எழுப்பியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். லக்ஷ்மி என்ற அந்தப் பசு மறைந்தது 1948-ல். இரண்டு குண்டில் மூன்று சிவிங்கி வீழ்ந்த செய்தி பம்பாயில் அச்சேறியதும் அதே வருஷத்தில்தான். ஒரே தேசத்தில் ஓரிடத்தில் வேட்டுகளை எண்ணினார்கள். மற்றோரிடத்தில் உயிர்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

அந்தப் பெரியவருக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆயினும் இரண்டாவது முயலைக் கண்ட அன்றிரவே தம் கணக்கை அவர் திருத்திக்கொண்டார். துப்பாக்கி பிடிக்கும் கைக்கு மட்டுமன்றி, கம்பி கட்டும் கைக்கும், உத்தரவில் கையெழுத்திடும் கைக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். புதருக்குப் பின்னால் இருப்பது என்னவென்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.